நடைக்கும் அளவு எழுதித் தர வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் முன்னால் உடற்பயிற்சி பற்றிப் பேச வந்தால், "இதைத்தான் டாக்டரும் சொன்னாரே" என்று பாதிப் பேர் முகத்திலேயே தெரிந்துவிடும். சொன்னார்தான். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை என்றால் எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று சீட்டில் எழுதித் தருகிறார். உடற்பயிற்சிக்கு மட்டும் "வாக்கிங் போங்க", அவ்வளவுதான். என் புகாரே அதுதான். மாத்திரைக்குச் சமமாக வேலை செய்கிற ஒன்றுக்கு அளவே எழுதாவிட்டால், அதை யார் மருந்தாக மதிப்பார்கள்?

சமம் என்று சும்மா சொல்லவில்லை. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. சர்க்கரை நோயின் வாசற்படியில் நின்ற 531 பேரை நான்கு பிரிவாக்கினார்கள். தனிக் கவனிப்பு இல்லாத பிரிவில் மூன்று ஆண்டுகளில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்துவிட்டது. நடையும் உணவு மாற்றமும் சொல்லித் தந்து கண்காணித்த பிரிவில் 39.3 சதவீதம். மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தவர்களில் 40.5. இரண்டையும் சேர்த்துத் தந்த பிரிவிலும் 39.5தான். இன்னொரு விஷயம்: நடந்தவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை. எடை இறங்கவில்லை என்று பத்தாம் நாளே செருப்பைக் கழற்றி வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அமெரிக்காவில் 2002இல் வெளியான ஆய்வில் 3,234 பேர். அங்கே இலக்கு தெளிவாக இருந்தது: வாரம் 150 நிமிடம் நடை, எடையில் 7 சதவீதம் குறைப்பு. ஒவ்வொருவரையும் தனித்தனியாக உட்காரவைத்து 16 பாடம் நடத்தினார்கள். நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மினில் 31 சதவீதம்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது? சுருங்கி விரியும் தசை, இன்சுலினுக்காகக் காத்திராமல் ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்கிறது. நடந்து முடித்த பிறகும் ஒரு நாள், இரண்டு நாள் வரை இன்சுலின் சொல்பேச்சைத் தசை நன்றாகக் கேட்கும். அப்புறம் பழைய கதைதான். அதனால்தான் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள் என்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் நடந்துவிட்டு, பூங்கா வாசலில் இரண்டு போண்டாவும் சர்க்கரை போட்ட காபியும் சாப்பிட்டுத் திரும்பினால் கணக்கு எப்படிச் சரியாகும்?

வேகம்? பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. சாப்பிட்டபின் பத்து, பதினைந்து நிமிடம் நடந்தால் உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரை தணியும். வாரம் 150 நிமிடம் என்ற கணக்கிலும் அது சேரும். வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வேலை தாருங்கள். நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது போதும், ஜிம் வேண்டாம். "வீட்டு வேலை செய்கிறேனே" என்று அக்காமார்கள் கேட்பீர்கள். நல்லதுதான், விடாதீர்கள். மூச்சு வாங்காத வேலையை மட்டும் 150 நிமிடக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மருந்து என்றால் எச்சரிக்கையும் வேண்டுமே. இன்சுலின் போடுபவர்களும், சர்க்கரையை மிகவும் இறக்கிவிடக்கூடிய கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் கிளம்பும் முன் சர்க்கரையைப் பாருங்கள். 90க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சட்டைப்பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். பாதம் மரத்துப்போனவர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது, கோயில் பிராகாரத்தின் சுடுகல்லிலும்தான். திரும்பி வந்ததும் உள்ளங்காலைப் பாருங்கள், குனிய முடியாவிட்டால் கண்ணாடி வைத்து. விழித்திரையில் ரத்தக்கசிவு இருந்தால் மூச்சைப் பிடித்து எடை தூக்காதீர்கள். நடக்கும்போது நெஞ்சு இறுகினால் அங்கேயே நிறுத்துங்கள். உட்கார்ந்தும் விடாவிட்டால் 108ஐக் கூப்பிடுங்கள், விட்டுப்போனாலும் டாக்டரைப் பார்க்காமல் மறுபடி நடக்காதீர்கள்.

சரி, முழங்கால் வலி உள்ளவர்கள் கை தூக்கியிருக்கிறீர்கள். உங்களிடமிருந்தே கேள்விகளைத் தொடங்கலாம்.