கொட்டை எங்கே போச்சு?

நேயர்களுக்கு வணக்கம். சேலத்தில் சித்திரை பிறந்துவிட்டால் தெருவெல்லாம் மாம்பழ வாசனைதான். அந்த வாசனை வந்தாலே என்னைப் போன்ற கால்நடை மருத்துவர்களுக்கு லேசாக வயிற்றைக் கலக்கும். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

நாய் சுலபமாகக் கக்குகிற பிராணி. புல்லைத் தின்று கக்கும், அவசரமாக விழுங்கிவிட்டுக் கக்கும். விடிகாலையில் மஞ்சள் நுரையாகக் கக்கினால் அது பித்தநீர். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வயிறு ரொம்ப நேரம் காலியாகக் கிடந்திருக்கும். படுக்கப்போகும்போது ஒரு வாய் சோறு வைத்தால் பல நாய்களுக்கு அதுவே நின்றுவிடும். ஒரு தடவை கக்கிவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு ஓடுகிற நாயைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை.

பதற்றத்தில் நாம் செய்கிற காரியம்தான் வினை. கக்கின மறு நிமிஷமே, "ஐயோ, வயிறு காலியாப் போச்சே" என்று ஒரு கிண்ணம் பாலை வைப்போம். புண்பட்டுக் கிடக்கிற வயிறு அதையும் திருப்பித் தள்ளும். வளர்ந்த நாய், மற்றபடி தெம்பாக இருக்கிறது என்றால் 12 மணி நேரம் சாப்பாடே வேண்டாம். தண்ணீர் வேண்டும். ஆனால் குண்டா நிறைய வைத்தால் மடமடவென்று குடித்து அதையும் கக்கிவிடும். அரை மணிக்கு ஒரு தடவை நாலைந்து ஸ்பூன் போதும். அது தங்கினால், குழைய வடித்த சோற்றில் தோலும் எலும்பும் மசாலாவும் இல்லாத வெந்த கோழிக்கறியைக் கொஞ்சம் பிசைந்து, ஒரு கைப்பிடி கொடுங்கள். ஒரு நாளைக்கு நாலு வேளை, இப்படி இரண்டு மூன்று நாள். சமையலறையில் இருந்தபடி கேட்கிறவர்களுக்காகத் திரும்பவும் சொல்கிறேன்: முதலில் வயிற்றுக்கு ஓய்வு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர், சோறு கடைசியில்தான்.

வீட்டு மாத்திரை டப்பாவைத் திறக்கவே திறக்காதீர்கள். தாத்தாவின் மூட்டுவலிக்கு வாங்கிவைத்த ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாம் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். நம்ம ஊர் தட்டுவடை செட்டை நாய்க்கும் ஒன்று ஊட்டிவிடுகிற பாசக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் இருக்கிற வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பாசத்தைத் தடவிக் கொடுத்துக் காட்டலாமே.

இப்போது மாம்பழத்துக்கு வருகிறேன். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு வைகாசி மாதம், அம்மாபேட்டையிலிருந்து தறிக்காரக் குடும்பம் ஒன்று லேப்ரடார் நாயைத் தூக்கிக்கொண்டு வந்தது. பத்து நாளாக விட்டு விட்டு வாந்தி. ஒருநாள் நன்றாகத் தின்னுமாம், மறுநாள் எல்லாம் வெளியே வந்துவிடுமாம். நான் கேட்ட முதல் கேள்வியே, "மாம்பழம் ஏதாவது கொடுத்தீங்களா?"

"இல்லீங்க டாக்டரம்மா, கண்ணுலகூடக் காட்டலீங்க" என்றார் அந்த அம்மா. வீட்டுக்காரரும் தலையை ஆட்டினார். பேத்திகூட ஆட்டினாள். நானும் நம்பினேன். ஊசி போட்டேன், பத்தியம் சொன்னேன், இரண்டு நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் மறுபடி தூக்கிக்கொண்டு வந்தார்கள். வயிற்றை நிதானமாக அழுத்திப் பார்த்தால் விரலுக்குக் கெட்டியாக ஏதோ நழுவுகிறது. அறுவை சிகிச்சை செய்து எடுத்தால், நார் நாராக, முழுசாக ஒரு மல்கோவாக் கொட்டை!

அதைத் தட்டில் வைத்து அந்த அம்மாவிடம் காட்டினேன். அவர் துளிகூட அசரவில்லை. "பழத்தை நாங்கதானுங்க தின்னோம். கொட்டையை மட்டுந்தான அதுக்குப் போட்டோம்?" என்றார். பொய்யே சொல்லவில்லை பாருங்கள். கேள்வியை நான்தான் தப்பாகக் கேட்டிருக்கிறேன். அன்றைக்குப் பிறகு "மாம்பழம் கொடுத்தீங்களா" என்று யாரையும் நான் கேட்டதில்லை. "கொட்டை எங்கே போச்சு?" என்றுதான் கேட்பேன்.

அந்தக் கொட்டை இரைப்பையில் வாரக்கணக்கில் உருண்டுகொண்டு கிடக்கும். குடல் வாசலில் போய் அடைத்தால் வாந்தி, நகர்ந்துவிட்டால் பசி. அதனால்தான் ஒருநாள் நன்றாக இருக்கிறது, ஒருநாள் கக்குகிறது. அதுவே குடலுக்குள் இறங்கிச் சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. மாங்கொட்டையை மூடி போட்ட தொட்டியில் போடுங்கள். கோழி எலும்புக்கும் இதே பேச்சுதான்.

ஏற்காட்டுக்கு நாயைக் காரில் கூட்டிப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 20 கொண்டை ஊசி வளைவுகளில் நமக்கே புரட்டுகிறது, அதற்குப் புரட்டாதா? கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரத்துக்கு முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள். அது நோயில்லை, பல குட்டிகளுக்கு வளர வளரச் சரியாகிவிடும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிஷமாம். முக்கியமானதை மிச்சம் வைத்துவிட்டேனே! நான் சொன்ன பட்டினி வைத்தியம் குட்டிகளுக்குக் கிடையாது. குட்டி வாந்தியோடு நாற்றமடிக்கிற ரத்தபேதியும் போனால் அது பார்வோ என்கிற வைரஸ் நோயாக இருக்கலாம், அந்த மணிக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் ஆகும்வரை. ஒன்று போட்டுவிட்டு நிறுத்திவிடாதீர்கள். ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன் மாதிரிப் பெரிய ஜாதி நாய் ஓங்கரிக்கிறது, ஒன்றும் வரவில்லை, வயிறு உப்பிக்கொண்டே போகிறது என்றால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், ராத்திரி எந்நேரமானாலும் மருத்துவரை எழுப்புங்கள். கோபித்துக்கொள்ள மாட்டோம். வணக்கம்.