குரங்கு வங்கிக் கணக்கைப் பார்ப்பதில்லை

நடுவர் அவர்களே, இரு அணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டு, ஜார்ஜ்டவுனில் காடி நிறுத்த இடம் தேடிச் சுற்றோ சுற்றென்று சுற்றி வந்து உட்கார்ந்திருக்கும் பினாங்குப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

"காட்டு விலங்கையும் வேட்டையையும் நமக்குக் கிட்டத்தில் கொண்டுவருவது குடியிருக்கும் இடமா, கையில் இருக்கும் பணமா?" இதுதான் இன்றைய தலைப்பு. நான் இடத்தின் பக்கம்.

எதிரணித் தலைவர் அண்ணன் ஒரு பட்டியல் வாசித்தார். நான்கு சக்கர வண்டி, தூரநோக்கி, துப்பாக்கி, தாமான் நெகாரா தேசியப் பூங்காவில் அறை, படகுக் கூலி, வழிகாட்டிக்குச் சம்பளம். இத்தனைக்கும் காசு வேண்டும், ஆகவே காசு உள்ளவனுக்கே காடு என்று முடித்தார். கைதட்டலும் வாங்கினார். நானும்தான் தட்டினேன். ஆனால் அண்ணே, அந்தப் பட்டியலை நீங்களே ஒருமுறை திருப்பிப் படித்துப் பாருங்கள். வண்டி எதற்கு? அங்கே போவதற்கு. அறை எதற்கு? அங்கே தங்குவதற்கு. வழிகாட்டி எதற்கு? அங்கே வழி தெரியாததற்கு. அந்த வழிகாட்டி யார்? பெரும்பாலும் அந்த ஊர்க்காரர். நீங்கள் அங்கே குடியிருக்கவில்லை என்பதற்காக ஒவ்வொன்றாக அபராதம் கட்டிக்கொண்டே போகிறீர்கள். அபராத ரசீதைக் காட்டிப் பெருமைப்படுகிற ஒரே ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

அடுத்துப் பேசிய நண்பர் வெள்ளைக்காரத் துரைமார்களை இழுத்தார். பணமும் அதிகாரமும் இருந்ததால்தானே அவர்கள் யானையும் காட்டெருதும் சுட்டார்கள் என்று கேட்டார். சரி, துரைமார் வழிக்கே வருகிறேன். ஹப்பாக் என்ற குடும்பத்திலிருந்து சகோதரர்கள் இருவர் மலாயாவுக்கு வந்தார்கள். ஆர்தர் ஹப்பாக் கட்டடக்கலைஞர். கோலாலம்பூரின் பழைய ரயில் நிலையமும் மஸ்ஜித் ஜாமெக்கும் அவர் வரைந்தவை. ஈப்போவில் ரயிலை விட்டு இறங்கி வெளியே வந்து நிமிர்ந்து பார்க்கிறோமே, அந்த நிலையமும் அவருடையதுதான். தியோடோர் ஹப்பாக் பகாங் காட்டுப் பக்கம் போனார். யானைக்கும் செலாடாங் என்கிற காட்டெருதுக்கும் பேர்போன வேட்டைக்காரர் ஆனார். அப்புறம் அதே மனுஷன் காட்டின் காவலராக மாறி, 1930களின் தொடக்கத்தில் மலாயா வனவிலங்கு விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கி, ஒரு தேசியப் பூங்கா வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் பூங்கா வந்தது. இன்றைக்கு அதன் பெயர் தாமான் நெகாரா. 4,343 சதுர கிலோமீட்டர், நம் பினாங்கு மாநிலத்தைப் போல நான்கு மடங்கு.

ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஒரே வசதி, ஒரே நிறம், ஒரே ராஜாங்கம். ஒருவர் வாழ்க்கையில் யானை வந்தது, இன்னொருவர் வாழ்க்கையில் மினாரா வந்தது. இந்த வித்தியாசத்தைப் பணத்தை வைத்து விளக்க முடிந்தால் விளக்குங்கள், கேட்கிறேன்.

நம் முன்னோர்களும் இதைத்தான் பார்த்தார்கள். குறிஞ்சிக்கு வேட்டை, முல்லைக்கு மேய்ச்சல், நெய்தலுக்கு மீன் என்று நிலத்தை வைத்துத்தான் தொழிலைச் சொன்னார்கள். பணக்காரத் திணை, ஏழைத் திணை என்று யாரும் பிரித்ததாகத் தெரியவில்லை.

இங்கே பினாங்கிலேயே பாருங்கள். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற யாருக்கும் அந்தப் பக்கத்துக் குரங்குகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பிளாஸ்டிக் பை கையில் இருந்தால் போதும், அர்ச்சனைத் தேங்காயா, ஆப்பிள் போனா என்று பிரித்துப் பார்ப்பது பிறகுதான். மலையடிவாரத்தில் கோடி வெள்ளிக்கு வாங்கிய பங்களாவின் சமையலறைக்கும் அது வருகிறது, பக்கத்துக் கம்பத்து வீட்டின் வாழைத்தாருக்கும் வருகிறது. குரங்கு யாருடைய வங்கிக் கணக்கையும் பார்ப்பதில்லை. ஊர் நடுவே முப்பதாவது மாடியில் இருக்கிறவர், அதைவிட விலை அதிகமான வீடாக இருந்தாலும், குரங்கைப் பார்க்க லிஃப்டில் இறங்கி வண்டியெடுத்துத்தான் வரவேண்டும்.

தெலுக் பஹாங்கில் இன்னொரு குரங்கு இருக்கிறது, லோத்தோங். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், உடம்பெல்லாம் கருஞ்சாம்பல். ஆனால் குட்டி பிறக்கும்போது நல்ல ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். தாயின் வயிற்றில் தொற்றிக்கொண்டிருக்கும்போது தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும். மரத்தை விட்டு அதிகம் இறங்காத இந்தக் குரங்கு, சாலை குறுக்கே வந்த இடத்தில் இறங்கி ஓடி வண்டியில் அடிபட்டது. 2019இல் லங்கூர் புராஜெக்ட் பினாங்கு என்ற குழு, பழைய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டே அந்தச் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் ஒரு பாலம் கட்டியது. எந்த இடத்தில் கடக்கிறது, எந்தக் கிளையிலிருந்து தாவுகிறது என்று நாள்கணக்கில் நின்று பார்த்தவர்களால்தான் அதைக் கட்ட முடிந்தது. நிதி எங்கிருந்தும் வரலாம். பாலத்தை எங்கே கட்டுவது என்பதை நிதி சொல்லாது.

இப்போது நம் கதைக்கு வருகிறேன். இந்த மண்டபத்தில் பாதிப் பேருக்குத் தோட்டத்து வேர் உண்டு. என் அப்பா தீவுக்கு எதிரே பெருநிலத்தில் செபராங் பிறை பக்கம் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவர். ரப்பரை வெட்டிவிட்டு முள்ளுத்தேங்காய், அதாவது செம்பனை, நட்ட காலம். இளங்கன்றின் குருத்தைத் தின்பதற்குக் காட்டுப்பன்றி ராத்திரியில் வரும். ஞாயிற்றுக்கிழமை, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்து ஆண்கள் நாய்களோடு கிளம்புவார்கள். பன்றியோடு திரும்பினால் லயத்துக்குப் பின்னால் சாக்கை விரித்து, அதன்மேல் வாழை இலை போட்டுக் கூறு வைப்பார்கள். கூறு எல்லாம் ஒரே அளவுதான். ஆனால் நாய் கொண்டுவந்தவனுக்கு நாயின் பேரில் ஒரு கூறு கூடுதல். நாய் செத்துப்போனால், அடுத்த வேட்டையிலும் அதன் கூறு அந்த வீட்டுக்குப் போகும். வேட்டைக்கே போகாத விதவைப் பாட்டிக்கும் ஒரு கூறு எடுத்து வைப்பார்கள். எங்கள் அம்மாயி வைக்கிற மிளகுப் பிரட்டலைப் பற்றிச் சொன்னால் நேரம் போய்விடும், நடுவர் ஏற்கெனவே மணியின்மேல் கை வைத்துவிட்டார்.

அன்றைக்கு அவர்கள் கையில் என்ன இருந்தது? தினக்கூலி. கடைசிவாரத்தில் தோட்டத்துக் கடையில் கடன். ஆனால் உடும்பு எந்தப் புற்றில் இருக்கும், முள்ளம்பன்றி எந்தத் தடத்தில் நடக்கும், மழை விட்ட மறுநாள் பன்றி எந்த ஆற்றோரத்தைக் கிளறும் என்று பத்து வயதுப் பையனுக்குத் தெரியும்.

பிறகு தோட்டத்தை விற்றார்கள். லயம் இருந்த இடத்தில் வீடமைப்புத் திட்டம் வந்தது. அப்பா தீவுக்கு வந்து, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்தார். சம்பளம் ஏறியது, ஊழியர் சேமநிதி வந்தது, காடி வந்தது. எதிரணியின் கணக்குப்படி வனவிலங்கு அவருக்கு இன்னும் கிட்டத்தில் வந்திருக்க வேண்டுமே? வரவில்லை. பணம் கூடக்கூடக் காடு தள்ளிப்போனது. என் பிள்ளைக்கு அவர் சருகுமானைக் காட்டியது கூண்டுக்கு வெளியே நின்று, நுழைவுச்சீட்டு வாங்கி. எதிரணியின் வாதம் உடைவதற்கு எனக்கு இந்த ஒரு ஆள் போதும்.

சட்டத்துக்கு வருவோம், எதிரணியில் ஒரு வழக்கறிஞர் இருக்கிறார். தீபகற்ப மலேசியாவுக்கு 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். சபாவுக்கு 1997இல் தனிச் சட்டம். சரவாக்குக்கு 1998இல் இன்னொன்று. ஒரே அடையாள அட்டை, ஒரே ரிங்கிட், மூன்று சட்டம். நீங்கள் எவ்வளவு சம்பாதிக்கிறீர்கள் என்று எதுவும் கேட்கவில்லை, எங்கே நிற்கிறீர்கள் என்று மூன்றும் கேட்கின்றன. சரவாக் சட்டம் காட்டிறைச்சி விற்பதையே தடை செய்தது. ஆக அங்கே ஒருவன் பணக்கட்டை எடுத்து நீட்டினால் அதுவே குற்றத்துக்குத் தொடக்கம்.

உரிமம் வாங்கிக்கொள்ளலாம் என்றார் அண்ணன். துப்பாக்கிக்குப் போலீஸ் உரிமம், வேட்டைக்குப் பெர்ஹிலித்தான் என்கிற வனவிலங்குத் துறையின் உரிமம், உண்மைதான். ஆனால் 2009இல் தீபகற்பத்தில் கடமானுக்கும் கேளையாட்டுக்கும் வேட்டை உரிமத்தை நிறுத்தினார்கள். ஆறு ஆண்டு என்றார்கள், பிறகு நீட்டினார்கள். கோடீஸ்வரனுக்கென்று தனி முகப்பு எதுவும் திறக்கவில்லை.

2010 சட்டத்தின் 51ஆவது பிரிவு பூர்வகுடி மக்கள் தங்கள் குடும்பச் சாப்பாட்டுக்காகக் காட்டுப்பன்றி, சருகுமான், முள்ளம்பன்றி போன்ற சில விலங்குகளை வேட்டையாட இடம் கொடுக்கிறது. விற்பதற்கு அல்ல. வழக்கறிஞர் நண்பர் உடனே, "அது பிறப்பால் வந்த சலுகை, இடத்தால் வந்தது அல்ல" என்பார். சொல்லுங்கள். கோலாலம்பூரில் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிற ஒரு செமாய் பூர்வகுடி இளைஞனுக்கும் அந்த உரிமை காகிதத்தில் இருக்கிறது. அவன் ஊதுகுழலைத் தூக்கிக்கொண்டு எங்கே போவான், மின்தூக்கிக்குள்ளா? ஈப்போ என்கிற நச்சு மரத்தின் பாலைக் காய்ச்சி அம்பில் தடவுகிற பக்குவம், அந்த மரம் நிற்கிற இடத்தில் பெரியவர்களோடு நடந்தால்தான் கைவரும். ஊரைக் காட்டிலிருந்து பெயர்த்து மறுகுடியேற்றத் திட்டத்தில் வைத்துவிட்டால் சட்டம் அப்படியே இருக்கும், சோற்றில் கறி இருக்காது.

ஒரு விஷயத்தில் எதிரணிக்கு அரை மதிப்பெண் தருகிறேன். கம்பிச் சுருக்கு. பெருங்காடுகளுக்குள் சுருக்கு வைக்கிறவனுக்கு அந்த இடம் சொந்த ஊராக இருக்க வேண்டியதில்லை. அவனை அனுப்புகிற பணம் எங்கோ நகரத்தில், சில சமயம் வேறு நாட்டில் இருக்கிறது. எறும்புத்தின்னியின் செதிலும் புலியின் எலும்பும் பணத்துக்காகத்தான் பயணம் போகின்றன. மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பணக்காரனிடம் போய்ச் சேர்வது செத்துப்போன விலங்கு. அதன் காலடி எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. இதைக் "கிட்டத்தில் வருவது" என்று நடுவர் ஏற்றுக்கொண்டால், ஐஸ்பெட்டிக்குள் இருக்கிற கோழியோடும் எனக்கு நெருக்கம் உண்டு.

கிட்டம் என்றால் என்ன என்பதற்கு மலாயாப் புலியைப் பாருங்கள். 2016 முதல் 2020 வரை நடந்த தேசியப் புலிக் கணக்கெடுப்பில், காட்டில் மிச்சம் 150க்கும் குறைவு என்று தெரிந்தது. பணம் கொடுத்துத் தாமான் நெகாராவில் பரண் மேல் ராத்திரி முழுக்கக் கொசுக்கடியோடு உட்கார்ந்தவர்கள் பன்றியையும் மானையும் பார்த்து, புலியைப் பார்க்காமலே திரும்பி வருவார்கள். கிளந்தானில் குவா மூசாங் வட்டாரத்துக்காரன் புலியைத் தேடிப் போகவில்லை. 2023இன் கடைசி மாதங்களில் அங்கே புலி தாக்கிச் சிலர் உயிரிழந்தார்கள். காலையில் வேலைக்குப் போகிற பாதையில் புலி இருக்கிறதென்று பயந்த அந்த மக்கள் யாரும் அந்த அனுபவத்துக்குச் சீட்டு வாங்கவில்லை.

மணி அடித்துவிட்டது. எதிரணியில் அடுத்து வரும் சகோதரியிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். குவா மூசாங்கில் அந்தப் பாதையில் நடந்தவருக்குப் புலியை அவ்வளவு கிட்டத்தில் கொண்டுவந்தது எந்தப் பணம்? அதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும். வணக்கம்.