குழாயடிக் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் 28 ஆண்டுகள் கணக்கு சொல்லிக்கொடுத்துவிட்டுச் சென்ற ஆண்டு ஓய்வு பெற்றவன் நான். மதிய மணி அடித்ததும் என் கண் குடிநீர்க் குழாயடிக்குத்தான் போகும்.

ஆறாம் வகுப்புப் பையன் பாட்டிலைப் பிடித்திருப்பான். பாதி நிறைந்திருக்கும். பின்னால் மேல்வகுப்பு அண்ணன் ஒருவனின் நிழல் விழும். திரும்பிக்கூடப் பார்க்காமல் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடுவான். அடி இல்லை, திட்டு இல்லை. ஆகவே ஆசிரியர்களான எங்களுக்கு அது புகாராகவே தெரிந்ததில்லை. "பெரிய பையன், விட்டுக்கொடுத்தால் என்ன?" என்று நானே சொல்லியிருக்கிறேன். அதே பையன் வகுப்பில் சந்தேகம் கேட்கவும் எழுந்திருக்க மாட்டான். பெண்கள் பள்ளியில் இது பஸ் ஜன்னல் சீட்டில் நடக்கும் என்பார் என் மனைவி. அவரும் ஆசிரியர்தான்.

கல்லூரியில் இதற்கு ராகிங் என்று பெயர் இருக்கிறது. 1996-இல் பக்கத்துச் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசுவை மூத்த மாணவர் ஒருவர் கொலை செய்தார். மறு ஆண்டே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. குழாயடியில் நடப்பதற்குப் பெயரே வைக்கவில்லை.

மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் அந்த நிழல் இவனுடையது. கேட்டேன். "எங்களையும் இப்படித்தான் சார் தள்ளினார்கள்" என்றான். கடன்பட்டவனை விட்டுவிட்டுப் பின்னால் வருகிறவனிடம் வட்டியோடு வசூலிக்கும் கணக்கு!

ஆனால் அண்ணன்கள் வெறும் கையோடு இருந்தவர்கள் அல்லர். பழைய வினாத்தாள், செய்முறை நோட்டு, எந்த ஆசிரியரிடம் எதைக் கேட்கலாம் என்ற ரகசியம் எல்லாம் அவர்கள் வழியாகத்தான் இறங்கி வரும். 2023-24 கல்வியாண்டில் எங்கள் பள்ளிகள் சிபிஎஸ்இ-க்கு மாறின. பதினொன்றாம் வகுப்புக்குப் புதிய பாடம், பன்னிரண்டாம் வகுப்புக்குப் பழைய தமிழ்நாட்டுப் பாடம். அந்த ஓராண்டு அண்ணன்களின் நோட்டு தம்பிகளுக்கு உதவவில்லை. 'அண்ணா' என்ற அழைப்பு என் காதில் விழுவது குறைந்தது. குழாயடித் தள்ளல் மட்டும் குறையவில்லை.

ஒருநாள் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், நீட் தேர்வுக்குப் படிக்க, புதிய பாடத்துக்கான என்சிஇஆர்டி உயிரியல் புத்தகம் இரவல் கேட்டுப் பதினொன்றாம் வகுப்பு வாசலுக்கு வந்தான். கேட்பதற்கு முன் இரண்டு முறை அந்த வாசலைத் தாண்டிப் போய்த் திரும்பினான். எடுத்துக் கொடுத்தவன், "புதன்கிழமை வேண்டும், அண்ணா" என்றான். பெரியவன் தலையாட்டினான்.

அவன் திருந்திவிட்டான் என்று நான் சொல்லப் போவதில்லை. மறுநாளும் குழாயடியில் முன்னால் போய்த்தான் தண்ணீர் பிடித்தான். புத்தகத்தைப் புதன்கிழமை திருப்பிக் கொடுத்துவிட்டான், அட்டை போட்டு.