மேலிருந்து கீழ படிங்க

வணக்கம். கெமிஸ்ட்ரி பத்தி பேசணும்னு கூப்பிட்டாங்க, அதுவும் ரேடியோல, போர்டும் இல்ல சாக்பீஸும் இல்ல, சரி, அட்டவணையைக் கண்ணுல காட்டாமலே தனிம வரிசை அட்டவணை பத்தி பேசிப் பாப்போமேன்னு வந்துட்டேன்.

வீட்ல ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பசங்க இருந்தா கேட்டுப் பாருங்க. ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம், பெரிலியம்னு இருபது வரைக்கும் மூச்சு விடாம ஒப்பிப்பாங்க. அதே பசங்ககிட்ட புரோமினுக்கு மேல யாரு, கீழ யாருன்னு கேளுங்க, திருதிருன்னு முழிப்பாங்க. அவங்க மேல தப்பு இல்லங்க, நாமதான் இடமிருந்து வலமா நம்பர் வரிசையில மனப்பாடம் பண்ண வைக்கிறோம். அந்த அட்டவணையோட உயிரே மேலிருந்து கீழ இறங்குற தொகுதியில இருக்கு, அதைத்தான் குடும்பம்னு சொல்றோம்.

நான் ஆரம்பிக்கும்போது எலக்ட்ரான் பேச்சையே எடுக்க மாட்டேன். மெண்டெலீவ் 1869-ல அட்டவணை போட்டப்போ எலக்ட்ரான்னு ஒண்ணு இருக்கறதே யாருக்கும் தெரியாது, தாம்சன் அதைக் கண்டுபிடிச்சது 1897-ல. குணத்தையும் எடையையும் வெச்சே மனுஷன் அடுக்கிட்டார், அப்போ நம்ம பசங்களும் அப்படியே ஆரம்பிக்கலாமே.

மூணு அட்டை எடுத்துக்கறேன். ஒண்ணு குளோரின்: பச்சையும் மஞ்சளும் கலந்த வாயு, அணு எடை 35.5, கொதிநிலை மைனஸ் 34 டிகிரி. இன்னொண்ணு அயோடின்: கருப்பா பளபளன்னு இருக்கற திண்மம், அணு எடை 127, கொதிநிலை 184. நடுவுல இருக்கற புரோமின் அட்டை மட்டும் வெறுமையா இருக்கும், அதை நீங்களே எழுதுங்கன்னு விட்டுடுவேன். கொஞ்ச நேரம் சலசலன்னு பேசிப்பாங்க, அப்புறம் யாராவது ஒரு பொண்ணு வாயுவுக்கும் திண்மத்துக்கும் நடுவுலன்னா திரவமாத்தான் சார் இருக்கணும்னு சொல்லும். எடையை சராசரி போட்டா 81 சொச்சம் வரும், உண்மையான எடை 80. கொதிநிலை சராசரி 75 வரும், நிஜத்துல 59, கொஞ்சம் தள்ளித்தான் விழும், பரவால்ல, அதையும் மறைக்காம சொல்லிடுங்க. இந்த மூணு மூணா சேர்க்கற விளையாட்டை ஜெர்மனியில டோபரைனர் 1829-லயே ஆடிட்டார். இன்னொரு வேடிக்கை, லீபிக்னு பெரிய வேதியியல் மேதை, அவர் கைக்கு முன்னாடியே புரோமின் வந்தும் அது அயோடினும் குளோரினும் சேர்ந்த ஏதோ சேர்மம்னு நினைச்சு விட்டுட்டார்! ரெண்டுக்கும் நடுவுல அவ்வளவு கச்சிதமா உக்காந்திருக்கு அது.

இதுக்கு அப்புறம் கேலியம் கதையைச் சொன்னா பசங்க உடனே புடிச்சுக்குவாங்க. அலுமினியத்துக்குக் கீழ ஒரு இடத்தைக் காலியா விட்டு, இங்க ஒருத்தன் வருவான், அடர்த்தி 5.9 கிட்ட இருக்கும்னு மெண்டெலீவ் எழுதி வெச்சுட்டார். 1875-ல பிரான்ஸ்ல புவாபோத்ரான் அதைக் கண்டுபிடிச்சு, அடர்த்தி 4.7-ன்னு சொன்னார். அந்த உலோகத்தைக் கண்ணால கூட பாக்காத மெண்டெலீவ், உங்க சாம்பிள் சுத்தமில்ல, மறுபடி அளந்து பாருங்கன்னு எழுதறார். திமிர்தான், ஆனா சுத்தம் பண்ணி அளந்தா 5.9!

சோடியம் டெமோ மட்டும் லேப்ல கட்டாயம் காட்டுங்க. மண்ணெண்ணெய்ல இருந்து எடுத்து பிளேடால அறுத்தா உள்ள வெள்ளி மாதிரி மின்னும், பாத்துட்டு இருக்கும்போதே மங்கிப் போகும். பச்சைப்பயறு அளவு துண்டு போதும், பெரிய தொட்டித் தண்ணி, கண்ணாடி போட்டுக்கணும், பசங்க தள்ளி நிக்கணும். தண்ணியில, காரம் பட்டா ரோஸ் ஆகற பினாப்தலீனை ரெண்டு சொட்டு விட்டு வெச்சா, சோடியம் உருண்டையா உருகி உஸ்ஸுன்னு ஓடற வழியெல்லாம் ரோஸ் கலர் கோடு விழும். அதே குடும்பத்துல மேல இருக்கற லித்தியம் உருகாம சாவகாசமா மிதக்கும், கீழ இருக்கற பொட்டாசியம் ஊதா நிறத்துல பத்திக்கும். பொட்டாசியத்தை வீடியோவுலயே காட்டிடுங்க சார், வீரம் வேண்டாம்.

குடும்பம்னா பரீட்சைக்கு மட்டும்தான்னு நினைக்கறவங்களுக்கு ஸ்ட்ரான்சியத்தைச் சொல்லணும். சிவகாசி மத்தாப்புல சிவப்பு அதாலதான் வருது, பச்சை அதே குடும்பத்து பேரியத்தால, பட்டாசுல பேரிய உப்பு சேர்க்க 2018-ல சுப்ரீம் கோர்ட் தடை போட்டுடுச்சு. ஸ்ட்ரான்சியம் கால்சியத்துக்கு நேர் கீழ இருக்கு, நம்ம உடம்புக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் சரியா தெரியாது. 1950-கள்ல அணுகுண்டு சோதனை நடந்தப்போ கதிரியக்க ஸ்ட்ரான்சியம்-90 புல்லுல விழுந்து, மாடு தின்னு, பால் வழியா குழந்தைங்க எலும்புலயும் பல்லுலயும் போய் உக்காந்துடுச்சு. அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் நகரத்துல விழுந்த பால் பல்லையெல்லாம் சேகரிச்சு அளந்து பாத்தே அதை நிரூபிச்சாங்க.

ஆனா ஒரே குடும்பம்னா எல்லாம் ஒரே மாதிரின்னு மட்டும் சொல்லிடாதீங்க. கார்பனும் காரீயமும் ஒரே தொகுதிதான், ஒண்ணு அலோகம், ஒண்ணு உலோகம். ஹைட்ரஜன் சோடியத்துக்கு மேல உக்காந்திருக்கு, அதைக் கார உலோகம்னு எவனும் சொல்ல மாட்டான்.

கடைசியா ஒரு வேலை குடுங்க. 118 வரைக்கும் தனிமங்கள் வந்தாச்சு, 119 இன்னும் வரல, வந்தா ஃப்ரான்சியத்துக்குக் கீழ உக்காரும். அதுக்கு ஒரு அட்டை எழுதச் சொல்லுங்க, எல்லாரும் ஃப்ரான்சியத்துக்கு மேல இருக்கற சீசியத்தை விட பயங்கரமா வெடிக்கும்னுதான் எழுதுவாங்க. அப்போ அயனியாக்கும் ஆற்றலை, அதாவது அணுவுல இருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்க ஆகற ஆற்றலை எடுத்துப் போடுங்க, இந்தக் குடும்பத்துல அது குறைஞ்சா வேகம் ஜாஸ்தி, சீசியம் 3.89 எலக்ட்ரான் வோல்ட், ஃப்ரான்சியம் 4.07. கீழ வர வர குறைஞ்சுட்டே வந்தது அங்க ஏறுது, ஏன்னா அவ்வளவு கனமான அணுவுல உள்ள இருக்கற எலக்ட்ரான் ஒளி வேகத்துல பாதிக்கு மேல ஓடுது, ஐன்ஸ்டீனோட சார்பியல் கணக்கு உள்ள வந்துடுது. இப்போ எழுதின அட்டையைத் திருத்தணுமா வேண்டாமான்னு அவங்களே சண்டை போட்டுக்கட்டும், நீங்க நடுவுல போகாதீங்க. நன்றி, வணக்கம்.