ஜாக்குலின் பூட்டிவைத்த பத்து மணி நேரம்

நேயர்களுக்கு வணக்கம்.

1963 நவம்பர் 22 அன்று டல்லாஸ் நகரில் அமெரிக்க அதிபர் ஜான் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டபோது, மனைவி ஜாக்குலினுக்கு 34 வயது. அந்த ஆகஸ்டில்தான், பிறந்து இரண்டே நாளான ஆண் குழந்தையைப் பறிகொடுத்திருந்தார். கணவரை அடக்கம் செய்த அன்று மூத்த மகனுக்கு மூன்றாவது பிறந்தநாள்.

ஆளாளுக்குப் புத்தகம் எழுதக் கிளம்பினார்கள். கண்டவர்கள் எழுதுவதைவிட நம்பகமான ஒருவர் எழுதட்டும் என்று எழுத்தாளர் வில்லியம் மான்செஸ்டரை ஜாக்குலினே தேர்ந்தெடுத்தார். 1964இல் அவரிடம் பத்து மணி நேரம் பேசினார். ஒலிநாடாவில் இடையிடையே கேட்கும் சத்தம் கோப்பையில் பனிக்கட்டி மோதுவது என்று மான்செஸ்டரே பின்னாளில் எழுதினார். மது இல்லாமல் அந்த மாலை நேரங்களைக் கடக்க இருவராலும் முடியவில்லையாம். துக்கம் ஆறாத ஒரு பெண் அப்போது அளந்தா பேசியிருப்பார்?

ஜாக்குலினும் கொழுந்தனார் ராபர்ட்டும் ஒப்புக்கொண்டால்தான் நூல் வெளிவரும் என்பது ஒப்பந்தம். 1966இல் ராபர்ட், குடும்பம் தடுக்காது என்று தந்தி கொடுத்தார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார் மான்செஸ்டர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உடம்பைக் கெடுத்துக்கொண்டு உழைத்தவர். ஆனால் லுக் பத்திரிகை 6,65,000 டாலர் கொடுத்துத் தொடராக வெளியிட முன்வந்ததும் ஜாக்குலின் கொதித்துப் போனார். தன் வீட்டுத் துயரம் இதழுக்கு இதழ் கடையில் தொங்குவதை எந்தத் தாய் பொறுப்பார்? டிசம்பரில் வழக்குப் போட்டார்.

வரலாற்றை மறைக்கிறார் என்று பலர் ஏசினார்கள். சரி, எதை மறைத்தார்? சமரசத்தில் லுக் நீக்கியது சுமார் 1,600 சொற்கள். புத்தகத்திலிருந்து சில பக்கங்கள் போயின. 1967இல் நூல் வெளிவந்தது. கொலை நடந்த நாட்களைப் பற்றி வாசகர் அறிய வேண்டியது எல்லாம் அதில் இருந்தது. அதிபரின் முடிவுகளையும் பேச்சுகளையும் மக்கள் அலசட்டும், அது அவர்கள் உரிமை. தகப்பனை இழந்த இரண்டு பிள்ளைகளின் வீட்டுப் பேச்சில் யாருக்கு என்ன உரிமை?

அப்புறம், அவர் எதையும் கொளுத்திவிடவில்லை. அந்த ஒலிநாடாக்கள் கென்னடி நூலகத்தில் நூறு ஆண்டு முத்திரையோடு இருக்கின்றன, 2067இல் திறக்கலாம். வரலாற்றாசிரியர் ஆர்தர் ஷ்லெசிங்கரிடம் அதே 1964இல் அவர் தந்த வேறொரு நேர்காணலை, 2011இல் மகள் கரோலைனே வெளியிட்டார். எப்போது பேசலாம் என்பதை அந்தக் குடும்பமே முடிவு செய்தது.