ஷெட்டுல நிக்கிற காரு

வணக்கங்க. ரேடியோவுல பேச கூப்பிட்டாங்க, நான் பேசிப் பழகுனதெல்லாம் பானட்டுக்குள்ள தலைய விட்டுக்கிட்டுத்தான், கொஞ்சம் முன்ன பின்ன இருந்தா பொறுத்துக்கங்க. காரைக்குடியில 31 வருஷமா ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன். என்கிட்ட வர்ற வண்டிகள்ல பாதி ஓடி ஓடி ரிப்பேர் ஆனது இல்ல, நின்னு நின்னு ரிப்பேர் ஆனது. எங்க ஊரு அப்படி. பையன் சிங்கப்பூர்ல இருப்பாரு, பொண்ணு அமெரிக்காவுல இருக்கும், வந்தா போனா கோயிலுக்குப் போகணுமேன்னு ஒரு கார வாங்கி ஷெட்டுல விட்டுட்டுப் போயிருப்பாங்க. ஆயுத பூஜைக்கு டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சு நசுக்குவோம் பாருங்க, சில வீட்ல அதுக்கப்புறம் அடுத்த ஆயுத பூஜைக்குத்தான் அந்த டயரு உருளும்.

பேட்டரி, டயர், பிரேக், பெட்ரோல், எலின்னு ஒரு துண்டுச்சீட்டுல எழுதிட்டு வந்திருக்கேன். அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். தினமும் காலையில அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி ஆஃப் பண்றீங்கள்ல, அத நிறுத்துங்க. தயவுசெஞ்சு நிறுத்துங்க.

ஏன் இவ்வளவு கோவமா சொல்றேன்னா, ஒரு ஆச்சி இருக்காங்க, 75 வயசு இருக்கும், பேரு வேணாம். அவங்க மகன் வாங்கி விட்ட சின்ன காரு, ஏழு வருஷத்துல 6,000 கிலோமீட்டர்கூட ஓடல, பளபளன்னு இருக்கும். வீட்ல ஒரு பெரியவர் வேலைக்கு இருக்காரு, காலையில ஆச்சி விளக்கேத்துனதும் இவரு போயி கார ஸ்டார்ட் பண்ணுவாரு, அஞ்சு நிமிஷம், அப்புறம் ஆஃப். ஒரு நாள் தவறமாட்டாரு. ரெண்டு வருஷத்துல மூணு பேட்டரி போச்சு. மூணாவது தடவ ஆச்சி என்னைய நிக்க வச்சு கேட்டாங்க, "ஏம்ப்பா, தினமும்தானே ஸ்டார்ட் பண்றோம், பூஜை மாதிரில பண்றோம், அப்புறமும் செல்ஃப் எடுக்கலன்னா நீ போட்ட பேட்டரி சரியில்லன்னுதானே அர்த்தம்?" அப்படின்னு. எனக்கு சுருக்குன்னு ஆயிப்போச்சு.

நான் சொன்னேன், ஆச்சி, உங்க பேட்டரிய ஒரு உண்டியலா நெனச்சுக்கங்க. கார் சாவிய எடுத்துட்டுப் போனாலும் உள்ள கடிகாரம், லாக்கு, கம்ப்யூட்டர் எல்லாம் முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கும், அதுக்கு ஒரு 30 மில்லி ஆம்பியர்னு வச்சாலே மாசத்துக்கு 21 ஆம்பியர்-ஹவர் ஓடிப்போயிரும், சின்ன கார் பேட்டரி மொத்தமே 35தான். பாதிக்கு மேல காலி. செல்ஃப் அடிக்கிறப்ப ஒரு நொடி ரெண்டு நொடிக்கு நூறு ஆம்பியருக்கு மேல உருவும். திருப்பிப் போடுறது யாரு, டைனமோ. அது இஞ்சின் நல்லா சுத்துனாத்தான் நல்லா போடும், நின்ன எடத்துல ஐடிலிங்ல ஓடுறப்ப ஏதோ கொஞ்சம் போடும், அதுலயும் நம்ம பெரியவரு ஏசிய ஆன் பண்ணிட்டு உள்ள உக்காந்து பாட்டு கேப்பாரு. அத நான் ஆச்சிகிட்ட சொல்லல, பாவம், அது ஒண்ணுதான் அவருக்கு ஏசி.

பேட்டரி போனாக்கூட பரவால்ல, மாத்திக்கலாம். அஞ்சு நிமிஷ ஸ்டார்ட்டுல உண்மையா அடி வாங்குறது இஞ்சினு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணி உண்டாகுதுங்க. நம்பமாட்டீங்க, நானும் முதல்ல நம்பல. இஞ்சின் சூடா இருந்தா அது ஆவியா வெளிய போயிரும். அஞ்சு நிமிஷத்துல சைலன்சர் கடைசி வரைக்கும் சூடு போகவே போகாது, அந்தத் தண்ணி உள்ளயே தங்கி வெளிய பெயின்ட் போகாம உள்ளேர்ந்து துரு தின்னும். கொஞ்சம் இஞ்சின் ஆயில்லயும் போய்ச் சேரும், இஞ்சின் குளிர்ந்து இருக்கறப்ப பெட்ரோல் வேற கூடுதலா குடிக்கும், அதுலயும் கொஞ்சம் ஆயில்ல எறங்கும். அன்னைக்கு ஆச்சிய பக்கத்துல கூப்பிட்டு ஆயில் ஊத்துற மூடியத் திருகி அடிப்பக்கத்தக் காட்டுனேன். மூடி அடியில மோர்க்குழம்பு கலர்ல, வழவழன்னு, விரல்ல எடுத்தா வெண்ணெ மாதிரி வருது. ஆச்சி மோந்து பாத்துட்டு "என்னப்பா இது ஊசிப்போன மாதிரி இருக்கு"ன்னாங்க. ஆமா ஆச்சி, ஆயிலும் தண்ணியும் கலந்து ஊசிப்போச்சுன்னேன். உங்க வீட்டுக் காருலயும் இஞ்சின் ஆறுனப்புறம் மூடியத் திறந்து பாருங்க.

அப்ப என்னதான் பண்றது? வாரத்துக்கு ஒருக்கா, முடியலன்னா பத்து நாளைக்கு ஒருக்கா, அரை மணி நேரம் ரோட்டுல ஓட்டுங்க. ரோட்டுல. ஷெட்டுக்குள்ள இல்ல. எங்க ஊர்க்காரங்களுக்கு நான் சொல்றது, குன்றக்குடி வழியா பிள்ளையார்பட்டி போயிட்டு வாங்க, சாமி கும்புட்ட மாதிரியும் ஆச்சு, வண்டி சூடான மாதிரியும் ஆச்சு. அதுல ஒரு பத்து நிமிஷம் ஏசி போடுங்க, மார்கழி மாசமா இருந்தாலும் போடுங்க, கம்ப்ரசருக்குள்ள ஆயில் சுத்துனாத்தான் அதோட சீல் காயாம இருக்கும். ஷட்டர இறக்கிட்டு உள்ள ஸ்டார்ட் மட்டும் பண்ணிராதீங்க, அந்தப் புகையில இருக்கற கார்பன் மோனாக்சைடு வாசனையே தெரியாம ஆளைக் கொன்னுரும், இது வெளையாட்டு இல்ல.

ஓட்ட ஆளே இல்லையா, பேட்டரிய கழட்டி வச்சிருங்க. பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும், கறுப்பு ஒயர், மைனஸ், அத முதல்ல. கழட்டுறதுக்கு முன்னாடி கார் சாவி கையில இருக்கான்னு பாத்துக்கங்க, சில வண்டியில கழட்டுனதும் பூட்டிக்கும், அந்தக் கதை தனி. 2020ல லாக்டவுன் முடிஞ்சு கடையத் திறந்தப்ப எனக்கு வந்த போன் எல்லாம் ஒரே பாட்டு, செல்ஃப் எடுக்கல. மீட்டர் வச்சுப் பாத்தா 12.6 வோல்ட் இருக்க வேண்டிய பேட்டரி 12க்கும் கீழ. ஒயர கழட்டி வச்சிருந்த ஒரே ஒரு வாத்தியார் மட்டும் போன் பண்ணவே இல்ல.

அடுத்து ஹேண்ட் பிரேக். வண்டியக் கழுவுன உடனே, இல்ல மழையில நனஞ்சு வந்த உடனே ஹேண்ட் பிரேக்க இழுத்து மாசக்கணக்குல விட்டா பிரேக் ஷூ ட்ரம்மோட ஒட்டிக்கும், நான் சுத்தியல எடுத்துட்டு வரணும். ஃபர்ஸ்ட் கியர்ல விட்டு சக்கரத்துக்கு முன்னயும் பின்னயும் செங்கல் வைங்க, எலுமிச்சம்பழம் பத்தாது. அப்புறம் டயரு... 

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி ரெண்டு விரலக் காட்டுறாரு. ரெண்டு நிமிஷமாம். ஆச்சி கதையிலயே நேரம் போயிருச்சு.

சரி, வேகமா. டயரோட சைடுல நாலு நம்பர் ஒரு கட்டத்துக்குள்ள இருக்கும், 3218ன்னா 2018ல 32வது வாரம் செஞ்சது. பட்டன் தேயலையேன்னு பாக்காதீங்க, ஓடாத டயருக்கும் வயசாகும், சைடுல வெடிப்பு விட்டா மாத்துங்க. இஞ்சின் ஆயில் கிலோமீட்டர் ஆகலன்னாலும் வருஷம் ஒருக்கா மாத்தணும், பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்த இழுக்கும், அத ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்தணும். இப்ப வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால், அதுவும் ஈரம் இழுக்கும், அதனால மாசக்கணக்கா பழைய பெட்ரோல வச்சிருக்காதீங்க. கவர் போடுறதா இருந்தா காத்து போற துணியா பாத்துப் போடுங்க, ஈர வண்டி மேல மூடாதீங்க. இன்சூரன்ஸ், புகை சர்டிபிகேட் தேதியெல்லாம் ஓடாத வண்டிக்கும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கும்.

எலிதான் முக்கியமா சொல்லணும்னு வந்தேன், புகையில, பாச்சா உருண்டை எல்லாம் வச்சும் ஏன் ஒயர கடிக்குதுன்னு, அதுல ஒரு பெரிய... முடிஞ்சிருச்சா? சரிங்க தம்பி. ஆச்சி கேட்டுக்கிட்டு இருப்பாங்க, இன்னைக்கு வெள்ளிக்கிழம, ஆச்சி, பெரியவர கூட்டிக்கிட்டு பிள்ளையார்பட்டி கிளம்புங்க. வணக்கம்.