எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறீர்கள்?

[காட்சி: ஜார்ஜ்டவுன், பினாங்கு ஸ்ட்ரீட், ஞாயிறு காலை. உணவகத்து மேசையில் தே தாரிக் கோப்பைகள், முதுகு மடிந்த ஒரு நாவல்.]

வணக்கம். நாங்கள் ஐந்து பேர், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பசியாறுவதற்காக இங்கே கூடுகிறோம். தோசை வந்து சேர்வதற்குள், அவரவர் கையில் அப்போதிருக்கும் புத்தகத்தைப் பற்றிப் பேச்சு தொடங்கிவிடும். படித்து முடித்ததைப் பற்றிப் பேசக்கூடாது, படித்துக்கொண்டிருப்பதைப் பற்றியே பேசவேண்டும் என்பது எங்களுடைய ஒரே விதி. அந்த விதி ஏன் வந்தது என்பதை இந்தக் காணொளியில் விளக்குகிறேன்.

முதல் சில மாதங்கள் முடித்த புத்தகங்களைத்தான் பேசினோம். அவை பேச்சாக இல்லாமல் மதிப்புரையாகிவிட்டன. பின்னட்டையில் அச்சிட்டிருப்பதையே ஆளாளுக்கு ஒப்பித்துக்கொண்டிருந்தோம். நானே ஒருமுறை, பத்துப் பக்கம்கூடத் தாண்டாத ஒரு நாவலை அதன் முன்னுரையை வைத்துக்கொண்டு கால்மணி நேரம் பேசி ஒப்பேற்றியிருக்கிறேன். பாதியில் நிற்பவருக்கு அந்த வசதி கிடையாது. முடிவு தெரியாததால், தன்னை இழுத்த இடத்தையும் தடுக்கிய இடத்தையும் மட்டுமே அவரால் சொல்ல முடியும்.

[காட்சி: நாவலின் நடுப்பக்கம் அருகில் காட்டப்படுகிறது. அடையாளத்துக்கு மளிகைக்கடை ரசீது ஒன்று மடித்துச் செருகப்பட்டிருக்கிறது.]

இது ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அக்கா ஒருவர் இதைப் படிக்கிறார். சிங்காரம் 1938இல் சுமத்ராத் தீவிலுள்ள மெடானுக்குப் பிழைக்கப் போய், போர் முடிந்தபின் 1946இல் தமிழகம் திரும்பியவர்; எழுதிய நாவல்கள் இரண்டே இரண்டு. 1972இல் நூலாக வந்த இந்த நாவலில், ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் பாண்டியன் என்ற இளைஞன் மெடானிலிருந்து தொங்கான் என்ற சரக்குப் படகில் ஏறி, மலாக்கா நீரிணையில் புயலில் சிக்கிப் பினாங்கை நோக்கி வருகிறான். சென்ற கூட்டத்தில் அக்கா அந்தப் புயலுக்குள் இருந்தார்.

“தம்பி, தொங்கான் என்ற சொல்லை எங்கள் அப்பாவுக்குப் பிறகு இந்தப் புத்தகத்தில்தான் பார்க்கிறேன்” என்றார். அவருடைய தந்தையார் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். மலாய்க்காரர் சொல்லும் ‘தொங்காங்’ அவர்கள் வீட்டில் தமிழாகவே புழங்கியிருக்கிறது. அரைமணி நேரம் அந்த ஒரு சொல்லைச் சுற்றியே பேசினோம். நாவலை ஏற்கெனவே முடித்திருந்த அண்ணன், பாண்டியனுக்கு என்ன ஆகும் என்பதைச் சொல்லிவிடாமலிருக்க, சர்க்கரை எப்போதோ கரைந்துவிட்ட தே-ஓவைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

இன்னொருவர், ஏ. சமாட் சைட் எழுதி 1961இல் வெளிவந்த ‘சலினா’வை மலாய் மொழியில் படிக்கிறார். போருக்குப் பிந்தைய சிங்கப்பூரில் ஆட்டுக்கொட்டகைகளில் குடியிருக்கும் மனிதர்களின் கதை அது. மலாயில் படித்ததைத் தமிழில் எங்களுக்குச் சொல்ல வேண்டியிருப்பதால், புரியாமல் கடந்துபோன வரிகள் எவை என்று தனக்கே அப்போதுதான் தெரிகிறது என்கிறார்.

[காட்சி: மூடிய புத்தகம், அதன்மேல் ஒரு கை.]

சொல்லும்போது புத்தகத்தை மூடிவைத்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் ஒரு பகுதியினர் ஓர் உரைப்பகுதியை மீண்டும் மீண்டும் படித்தார்கள். மற்றவர்கள் படித்தபின் அதைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்தவர்களே முந்தினார்கள், ஆனால் ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நினைவிலிருந்து எழுதியவர்கள் முந்திவிட்டார்கள். எங்கள் மேசையில் நடப்பதும் ஏறக்குறைய அதுதான், கூடவே தோசை.

அறிவை வளர்த்துக்கொள்வதற்காகப் படிக்கும் நூல்களுக்கு இது இன்னும் பொருந்தும். பாயான் லெப்பாஸில் வேலை செய்யும் எங்கள் தம்பி ஒருவர், பணத்தைக் கையாள்வது பற்றிய நூலில் 3 மாதமாக ஒரே அத்தியாயத்தில் நிற்கிறார். அந்த அத்தியாயம் சொல்கிறபடி அன்றாடச் செலவை எழுதிவைக்கத் தொடங்கி, தே தாரிக்குக்கு மட்டும் மாதம் எத்தனை வெள்ளி போகிறது என்று கண்டுபிடித்துவிட்டார்; அதற்கு மேல் படிக்கத் தயக்கமாம்.

நீங்கள் நண்பர்களோடு புலனத்தில் பகிர்வதாக இருந்தால், அட்டைப்படத்தை மட்டும் அனுப்பாதீர்கள். ‘அருமை’ என்று நான்கு பேர் பதில் போடுவதோடு அது முடிந்துவிடும். பக்க எண்ணைச் சொல்லி, அங்கே கண்ட ஒன்றை இரண்டு வரியில் எழுதுங்கள். பிடிக்காமல் நிறுத்திவிட்டீர்கள் என்றால், எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள் என்பதையும் தயங்காமல் சொல்லுங்கள்.

[காட்சி: கைப்பேசித் திரை.]

நேற்று நள்ளிரவு தாண்டி அக்கா எங்கள் குழுவுக்கு அனுப்பிய செய்தி இது: “தொங்கான் பினாங்கு வந்து சேர்ந்துவிட்டது. ஞாயிறு நான் சீக்கிரம் வருவேன்.”